கூரைக்கணக்கு

இரவு பதினொன்றே கால். திரியெஸ்தே.
போரா காற்று ஜன்னல் சட்டங்களைப் பிடித்து
வட்டிக்காரனைப் போல உலுக்குகிறது.
நான் ஆஸ்திரியா-ஹங்கேரியைத் திறக்கிறேன்.

கஜானாவில் மைனஸ் நாற்பதாயிரம்.
பழைய கடனின் வட்டிக்குப் புதுக் கடன்,
புதுக் கடனின் வட்டிக்கு உப்பின் மேல் வரி.
ராணுவச் செலவுப் பட்டையை இடப்பக்கம் இழுத்தால்
சிப்பாய்களின் பூட்ஸ் பிளக்கிறது.
வலப்பக்கம் இழுத்தால்
கார்பாத்திய மலையடிவாரத்தில்
ரயில் பாதை பாதியில் நிற்கிறது.
நடுவில் விட்டால் இரண்டும்.

பகலில் நான் ஒரு குடியிருப்பின் நிர்வாகி.
ஆறு மாடி, பதினான்கு குடும்பம், மூன்றரை மொழி.
(அந்த அரை, இரண்டாம் மாடித் தம்பதி
பேசாமலே போடும் சண்டை.)
கூரை ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும்;
நனைவது ஐந்தாம் மாடி ஸ்கெர்லாவாய் மட்டும்.
தரைத்தள மருந்துக்கடைக்காரர் கேட்கிறார்:
"கூரைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், சிஞ்ஞோரா நெவென்கா?"
புடாபெஸ்டும் இதையேதான் கேட்கிறது,
பத்து வருடத்துக்கு ஒருமுறை,
முத்திரை வைத்த தாளில்.

பிளம்பர் மிர்கோ பிரஷ்யாவை எடுப்பான்.
ஒரே ஞாயிற்றுக்கிழமையில்
பாதி வரைபடம் அவன் நிறம். பிறகு கொட்டாவி.
"இந்தக் கிழட்டு யானையைக் கட்டி
எதற்குத் தீனி போடுகிறாய்?" என்கிறான்.
எனக்கு நிறம் பரப்ப வராது, மிர்கோ.
இன்னும் ஒரு மாதம் விழாமல் இருப்பது எப்படி,
அதில்தான் எனக்குக் கொஞ்சம் கை வரும்.

வேகம் ஒன்று. நாட்கள் சொட்டுகின்றன.
1897: ப்ராகில் எந்த மொழியில் மனு எழுதுவது என்று கலவரம்.
பிடிவாதமாக இருந்தால் அங்கே கண்ணாடி உடையும்,
விட்டுக்கொடுத்தால் வியன்னாவில் உடையும்.
ஸ்பேஸ் பாரை அழுத்துகிறேன்.
உலகம் நிற்கிறது.

இந்த ஒரு விசை
போன வியாழன் கூட்டத்தில் இருந்திருந்தால்!
ஸ்கெர்லாவாய் ஓங்கிய கையோடு,
மருந்துக்கடைக்காரர் திறந்த வாயோடு,
காப்பி நுரை வழிவதற்கு ஒரு கணம் முன்னால்.
நான் மட்டும் எழுந்து
ஒவ்வொரு முகத்துக்கும் அருகில் போய்ப் பார்த்திருப்பேன்,
நிஜமாகவே கையில் காசில்லாதவர் யார் என்று.

1904இல் ஒரு கட்டம் மேலெழுந்தது:
'திரியெஸ்தே பிரிந்துபோக விரும்புகிறது.'
கீழே இரண்டு பொத்தான்கள்.
நகத்தளவு துறைமுகம்,
அதற்குள் எங்கோ என் தெரு, என் மேசை விளக்கு,
விளக்கடியில்
என்னைப் போக விடலாமா என்று யோசிக்கும் நான்.
பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாது.
அந்தப் பூட்டை, ஆட்டத்தின் தொடக்கத்தில்,
நானேதான் போட்டேன்.

அப்போது மேலே ஏதோ பெயர்ந்து
முற்றத்தில் விழுந்து நொறுங்கியது.

வாளியோடு ஓடினேன், வீட்டுச் செருப்பிலேயே.
மொட்டைக் கூரை விளிம்பில்
பைஜாமாவில் ஸ்கெர்லாவாய்,
பாய்மரம் போல விம்மும் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு.
ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.
நன்றியுமில்லை, புகாருமில்லை.
மூன்று மூலைக்குக் கயிறு இருந்தது.
நான்காவதை
தன் குளியல் அங்கியின் இடுப்புப் பட்டையால் கட்டினார்.
அங்கி பறந்தது. இருவரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

திரும்பி வந்தால்
திரையில் 1907 நடந்துகொண்டிருந்தது.
நிறுத்த மறந்திருக்கிறேன்.
பதிலுக்குக் காத்துக் காத்து அந்தக் கட்டம்
முதல் பொத்தானைத் தானே அழுத்திக்கொண்டுவிட்டது.
என் தெரு வேறு நிறத்தில்.
யாரும் சுடப்படவில்லை.
கஜானாவில் மைனஸ் முப்பத்தெட்டாயிரம்.
நான் இல்லாத மூன்று வருடங்களில்
பேரரசு இரண்டாயிரம் மிச்சம் பிடித்திருக்கிறது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஈரச் செருப்பைக் கழற்றவில்லை.
பிறகு அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பை எடுத்து
முதல் வரியில் எழுதினேன்:
கயிறு, எட்டு மீட்டர்.
ஸ்கெர்லாவாயின் பட்டையைத் திருப்பித் தர வேண்டும்.